கட்டிக்குள் கரண்ட்: ஒரு ஸ்வீடன் டாக்டரின் கதை

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பெரியப்பா போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராக, "டேய், நீ கரண்டு படிக்கிறவன்தானே? ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கீமோ ஆரம்பித்திருந்த நேரம். அவர் அனுப்பிய வீடியோவின் சாரம் இதுதான்: ஸ்வீடன் நாட்டில் ஒரு பெரிய டாக்டர் 40 வருடங்களுக்கு முன்பே நுரையீரல் கட்டிக்குள் மின்சாரம் செலுத்திக் கட்டியைச் சுருங்க வைத்துவிட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு கொடுக்கும் சபைக்கே தலைவராக இருந்தவர். மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து விஷயத்தை அமுக்கிவிட்டன. கடைசியில் ஒரு போன் நம்பர். மார்பில் கட்டிக்கொள்ளும் ஒரு மின் கருவி, விலை 48,000 ரூபாய், வீட்டுக்கே வந்து சேரும்.

நான் மூன்றாம் வருடம் ட்ரிபிள் ஈ. 'சுத்தப் பொய் பெரியப்பா' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். சும்மா ஒரு தரம் சரிபார்ப்போம் என்று தேடப்போய், நாலு நாள் தூக்கம் போனது. ஏனென்றால் வீடியோவில் முக்கால்வாசி உண்மை! அப்படி ஒரு டாக்டர் இருந்தார். நோபல் சபையும் உண்மை. கட்டி சுருங்கியதும் உண்மை. அந்த மிச்சக் கால்வாசி எங்கே என்று தேடியதுதான் இந்தக் கட்டுரை.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மின்சாரமும் வைத்தியமும் சேர்ந்த கதையில் நல்லவனும் திருடனும் எப்போதும் ஒரே தெருவில்தான் குடியிருந்திருக்கிறார்கள்.

1791ல் இத்தாலியில் கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்ததைப் பற்றி எழுதினார். உடலுக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு. ஐந்தே வருடத்தில், 1796ல், அமெரிக்காவில் எலிஷா பெர்கின்ஸ் என்ற டாக்டர் இரண்டு உலோகக் கோல்களுக்கு காப்புரிமை வாங்கினார். வலிக்கும் இடத்தில் தடவினால் உடம்பில் உள்ள கெட்ட மின்சாரத்தை இழுத்துவிடுமாம். அமோகமாக விற்றது. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் ஜான் ஹேகார்த் என்ற டாக்டருக்குச் சந்தேகம். 1799ல் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தில் அதே மாதிரி இரண்டு கோல்கள் செய்து, உலோகம் மாதிரி தெரியும்படி சாயம் பூசி, ஐந்து நோயாளிகளுக்குத் தடவினார். நாலு பேர் வலி குறைந்துவிட்டது என்றார்கள்! மறுநாள் உண்மையான உலோகக் கோலைத் தடவினார். அதே பலன்தான்.

ஹேகார்த் கேட்டது ஒரே கேள்வி: வேலை செய்தது மின்சாரமா, வேறு ஏதாவதா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நூறு வருடம் கழித்தும் கோல் விற்பவர்கள் ஓயவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஆப்ரம்ஸ் என்று ஒருவர். காய்ந்த ஒரு சொட்டு ரத்தத்தைத் தன் பெட்டியில் வைத்தால் போதும், புற்றுநோய் உட்பட எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாராம். சிகிச்சைக்கு இன்னொரு பெட்டி. அதை மற்ற டாக்டர்களுக்கு வாடகைக்கு விட்டார், ஒரே நிபந்தனையோடு: பெட்டியைத் திறக்கக் கூடாது. (நம் ஊர் லேகியக்காரர்களுக்குக்கூட இந்த யோசனை வரவில்லை.) யாரோ சோதிப்பதற்காகச் சேவலின் ரத்தத்தை அனுப்ப, அதற்கும் வியாதிப் பட்டியல் வந்தது. 1923-24ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை இவரை ஒரு வருடம் ஆராய்ந்து, ஒன்றுமே இல்லை என்று எழுதியது. அது முடிவதற்குள், 1924 ஜனவரியில், ஆப்ரம்ஸ் இறந்துவிட்டார்.

அதே தெருவில் ஒழுங்கான ஆட்களும் இருந்தார்கள். 1880களில் பாரிஸில் ஜார்ஜ் அப்போஸ்டோலி என்ற டாக்டர் கருப்பைக் கட்டிகளுக்குள் மின்முனை வைத்து நேர்மின்சாரம் செலுத்தினார். அவை புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டிகள். அறுவை சிகிச்சையில் பாதுகாப்பு கூடக் கூட அவர் முறை வழக்கொழிந்தது. 1947ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் பர், கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள பெண்களிடம் மின்னழுத்தத்தை அளந்து, அது வேறு மாதிரி இருக்கிறது என்று எழுதினார். 1959ல் எலிகளின் கட்டிகளுக்கு நேர்மின்சாரம் கொடுத்துச் சுருக்கிய சோதனை ஒன்று சயின்ஸ் இதழில் வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்பு ஸ்டாக்ஹோம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1958 அக்டோபர் 8. கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்த பேஸ்மேக்கரை ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரரின் உடம்புக்குள் வைத்துத் தைத்தார். முழுசாக உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, இரண்டாவதை வைத்தார்கள். வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள் மாற்றி, அதைப் பொருத்திய மருத்துவர் இறந்த பிறகும் வாழ்ந்து, 2001 டிசம்பரில் தன் 86வது வயதில் லார்சன் இறந்தார். இதயத்தால் இல்லை. தோல் புற்றுநோயால்.

இதயத்துக்குள் கம்பி வைத்துக் காப்பாற்ற முடிகிறதென்றால், புற்றுநோய்க் கட்டிக்குள் வைத்தால் என்ன? லார்சனுக்கு பேஸ்மேக்கர் வைத்த அதே கரோலின்ஸ்காவில்தான் நம் கதாநாயகன் வேலை பார்த்தார்.

பியோர்ன் நோர்டன்ஸ்ட்ரோம், பிறப்பு 1920. கதிரியக்க மருத்துவர், அதாவது எக்ஸ்ரே டாக்டர். கரோலின்ஸ்காவில் அந்தத் துறைக்கே தலைவர். இன்றைக்கு நுரையீரலில் கட்டி என்றால் மார்பைத் திறக்காமல், தோல் வழியாகவே ஊசியை விட்டுத் துளி திசு எடுத்துச் சோதிக்கிறார்களே, அந்த முறையை 1960களில் வளர்த்தெடுத்தவர்களில் இவர் முக்கியமானவர். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். 1985ல் மருத்துவ நோபலைத் தீர்மானிக்கும் சபைக்குத் தலைவராகவும் இருந்தார். ஆக, வீடியோ இதில் பொய் சொல்லவில்லை.

1950களில் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில நுரையீரல் கட்டிகளின் எக்ஸ்ரேயில், கட்டியைச் சுற்றிச் சூரியனிலிருந்து கதிர் கிளம்புவது போலக் கோடுகள். மற்றவர்கள் அதை ஏதோ பட மங்கல் என்று விட்டுவிட, இவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஊசி விட்டுத் திசு எடுக்கத் தெரிந்த கை இல்லையா? அதே வழியாக மின்முனையை விட்டு, கட்டிக்குள்ளும் வெளியிலும் மின்னழுத்தத்தை அளந்தார். வித்தியாசம் இருந்தது.

அதிலிருந்து ஒரு பெரிய கோட்பாட்டையே கட்டினார். காயமோ கட்டியோ, பழுதான திசு ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடுகிறது. ரத்தக் குழாய்தான் ஒயர்: குழாயின் சுவர் இன்சுலேஷன், உள்ளே ஓடும் பிளாஸ்மா கடத்தி. இப்படி உடம்புக்குள் மூடிய மின்சுற்றுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, ரத்த ஓட்டம் மாதிரி இது இன்னொரு ஓட்டம், உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்வது இதனால்தான் என்றார். படிக்கும்போது எனக்கே ஜிவ்வென்று இருந்தது. சர்க்யூட் தியரியில் அரியர் வைத்தவனையே மயக்குகிறது என்றால் பாருங்களேன் :-)

அடுத்த படி இயல்பாகவே வந்தது. இயற்கையான மின்சுற்று நோயை ஆற்றுகிறது என்றால், வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து அதற்கு உதவலாமே? 1978ல் முதல் சிறு அறிக்கையை வெளியிட்டார். அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத நோயாளிகள். எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே பிளாட்டினம் மின்முனையைக் கட்டியின் நடுவில் வைப்பார், அது பாசிட்டிவ். இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி வைப்பார், அது நெகட்டிவ். சுமார் 10 வோல்ட். மயக்க மருந்துகூட அந்த இடத்துக்கு மட்டும்தான்.

1983ல் எல்லாவற்றையும் சேர்த்து 358 பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டார். அதில் இருக்கும் கணக்கு: 20 நோயாளிகள், அவர்கள் நுரையீரலில் 26 கட்டிகள் (வேறிடத்திலிருந்து பரவியவை). அவற்றில் 12 சுருங்கின. இரண்டு முதல் ஐந்து வருடம் வரை கவனித்ததில் அந்த 12ம் மறுபடி வளரவில்லை.

26ல் 12. கைவிடப்பட்ட நோயாளிகளில்! வீடியோக்காரர் ஏன் குதிக்கிறார் என்று புரிந்தது. நானும் அந்த ராத்திரி கொஞ்சம் குதித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பெரியப்பாவின் மருத்துவமனைக்கே இதை அச்செடுத்துக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன்.

காலையில் நிதானமாக, நான் படிக்கும் படிப்பை வைத்து யோசித்தேன். உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பியை வைத்து நேர்மின்சாரம் விட்டால் என்ன ஆகும்? பிளஸ் டூ லேபில் செய்ததுதான், மின்னாற்பகுப்பு. நம் திசுவும் உப்புத் தண்ணீர்தான். பாசிட்டிவ் முனையில் ஆக்சிஜனும் குளோரினும் வரும், சுற்றிலும் அமிலம் சேரும், எலுமிச்சைச் சாறு அளவுக்கு, அதற்கும் மேலேகூட. நெகட்டிவ் முனையில் ஹைட்ரஜன் வரும், சுற்றிலும் காரம், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. போதாததற்கு, தண்ணீர் பாசிட்டிவ் பக்கத்திலிருந்து நெகட்டிவ் பக்கத்துக்கு நகரும். அதனால் ஒரு பக்கம் திசு வறளும், மறுபக்கம் வீங்கும். எந்த உயிரணுவாவது இதில் பிழைக்குமா? புற்றணுவும் சாகும், பக்கத்தில் நல்ல அணு இருந்தால் அதுவும் சாகும்.

1990களின் கடைசியில் ஸ்வீடனிலேயே, ஈவா நில்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைக் கணித மாதிரியாகப் போட்டும், எலிகளின் திசுவில் செய்தும் பார்த்தார்கள். எவ்வளவு தூரம் அமிலமும் காரமும் பரவுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் திசு சாகிறது என்று வந்தது.

அப்படியானால் கட்டி சுருங்கியது உண்மை. ஆனால் அதை விளக்க உடம்பின் ரகசிய மின்சுற்று எதுவும் தேவையில்லை. கட்டிக்குள்ளேயே அமிலம் தயாரித்து எரித்தார்கள், அவ்வளவுதான். ஹேகார்த்தின் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? மின்சாரமா, வேறு ஏதாவதா? நோர்டன்ஸ்ட்ரோம் அந்தக் கேள்வியைத் தன்னிடமே போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். இவ்வளவு பெரிய மனிதரைப் பற்றி மூன்றாம் வருட மாணவன் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரிகிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 26ல் 12 என்பது கட்டிகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு இல்லை. மற்ற கட்டிகள் என்ன ஆயின, கரண்ட் கொடுக்காத அதே மாதிரி நோயாளிகளைவிட இவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே அவரிடம் கிடையாது. பரவிவிட்ட புற்றுநோயில் ஒரு கட்டியை எரிப்பது ஒரு வாழைக்கன்றை வெட்டுவது மாதிரி. தோப்பு அப்படியே இருக்கும்.

அமுக்கிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு வருவோம். 1986ல் டிஸ்கவர் பத்திரிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. 1988ல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி தன் பிரபலமான 20/20 நிகழ்ச்சியில் காட்டியது. கோடிக்கணக்கான வீட்டில் ஒளிபரப்பானதை அமுக்கியது என்று எப்படிச் சொல்வது? சக டாக்டர்கள் ஒதுக்கினார்கள் என்பது மட்டும் சரி. அந்தப் புத்தகம் எக்ஸ்ரே, இயற்பியல், வேதியியல் எல்லாம் கலந்த காடு. அதைப் பொறுமையாகப் படித்து இங்கே சரி, இங்கே தப்பு என்று சொல்லும் ஆட்கள் அப்போது குறைவு. கொஞ்சம் அநியாயமும் நடந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை.

சீனாவில் கதை வேறு மாதிரி போனது. 1987ல் நோர்டன்ஸ்ட்ரோம் அங்கே போய் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பெய்ஜிங்கில் சீன-ஜப்பான் நட்புறவு மருத்துவமனையின் சின் யூலிங் அதை எடுத்துக்கொண்டார். அடுத்த பத்து வருடத்தில் பல மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குச் செய்தார்கள். கட்டியின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கூலோம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்று சென்டிமீட்டர் கட்டி என்றால் 300 கூலோம். நம் கையில் இருக்கும் 4000 மில்லி ஆம்பியர் போன் பேட்டரியில் 14,400 கூலோம் இருக்கிறது, அப்படிப் பார்த்தால் மிகக் கொஞ்சம். ஆனால் உடம்புக்குள் 50 மில்லி ஆம்பியர் என்று மெதுவாகத்தான் விட முடியும். 300 கூலோம் போய்ச் சேர 100 நிமிடம். அவ்வளவு நேரமும் நோயாளி மார்பில் ஊசிகளோடு படுத்திருக்க வேண்டும்.

சீனாவிலிருந்து நல்ல பலன் என்றே அறிக்கைகள் வந்தன. ஆனால் அங்கேயும் அதே குறை: செய்தவர்கள் உண்டு, ஒப்பிடச் செய்யாதவர்கள் இல்லை. பத்தாயிரம் பேருக்குச் செய்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு குழு இல்லையென்றால் அந்த எண்ணிக்கையால் என்ன பயன்?

இதற்கிடையில் வேறு ஊசிகள் வந்துவிட்டன. ரேடியோ அலை மின்சாரத்தால் கட்டியைச் சுடவைத்து எரிக்கும் ஊசி, 1990களில் கல்லீரலுக்கும் 2000 வாக்கில் நுரையீரலுக்கும் வந்தது. 10 முதல் 30 நிமிடத்தில் வேலை முடியும். எரிப்பதுதான் நோக்கம் என்றால் யார் 100 நிமிடம் உட்கார்ந்து அமிலம் காய்ச்சுவார்கள்? என்னைக் கேட்டால் நோர்டன்ஸ்ட்ரோம் முறையை ஓரங்கட்டியது மருந்துக் கம்பெனி இல்லை, இந்தச் சூட்டு ஊசிதான்.

மின்சாரத்தையே வேறு விதமாகப் பயன்படுத்தியவர்களும் வந்தார்கள். பிரான்சில் லூயி மீர் குழு, 1991ல், எட்டு நோயாளிகளின் கழுத்து, முகப் பகுதிக் கட்டிகளில் ஒன்று செய்தது. முதலில் ப்ளியோமைசின் என்ற மருந்து. அது சாதாரணமாக அணுவுக்குள் சுலபமாக நுழையாது. பிறகு கட்டிக்கு மட்டும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் வலுவான மின்துடிப்புகள். அணுவின் சவ்வில் நுண்ணிய ஓட்டைகள் விழ, மருந்து உள்ளே போய்விடும். இங்கே கரண்ட் கொல்வதில்லை, கதவைத் திறந்துவிடுகிறது. 2006ல் ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து இதற்குப் பொது நடைமுறை வகுத்தன. தோலுக்கு அருகில் இருக்கும் கட்டிகளுக்கு இன்று ஐரோப்பாவில் சாதாரணமாகச் செய்கிறார்கள். மருந்து மட்டும், துடிப்பு மட்டும், இரண்டும் சேர்த்து என்று தனித்தனியாகச் செய்து பார்த்துத்தான் இந்த நிலைக்கு வந்தார்கள்.

இன்னொருவர் இஸ்ரேலின் ஹைஃபாவைச் சேர்ந்த யோரம் பால்ட்டி. உடலியல் பேராசிரியர். 2000ல் கம்பெனி தொடங்கினார். இவர் கட்டிக்குள் எதையும் வைக்கவில்லை. தலையை மழித்து மேலே பட்டைகள் ஒட்டி, நொடிக்கு இரண்டு லட்சம் முறை திசை மாறும் மெல்லிய மின்புலம் கொடுத்தார். இவ்வளவு வேகமாகத் திசை மாறினால் அமிலமும் சேராது, சூடும் பெரிதாக ஏறாது, தசையும் துடிக்காது. அணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே உருவாகும் நுண்குழாய்களை மட்டும் குழப்பும் என்றார். 2004ல் ஆய்வகத்தில் காட்டினார்.

அவர் கம்பெனி ஒப்பிடும் குழுவோடு சோதனை செய்தது. முதல் பெரிய சோதனையில், திரும்பி வந்த மூளைப் புற்றுநோய் உள்ள 237 பேர். கருவி மாட்டியவர்கள் 6.6 மாதம், கீமோ எடுத்தவர்கள் 6.0 மாதம். கிட்டத்தட்ட சமம். பக்க விளைவு குறைவு என்பதைப் பார்த்து 2011ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்தது, புதிதாக நோய் கண்ட 695 பேர். 2017ல் வந்த முடிவு: மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் 16.0 மாதம், மாத்திரையோடு கருவியும் மாட்டியவர்கள் 20.9 மாதம். ஏறக்குறைய ஐந்து மாதம் கூடுதல். 2023ல் நுரையீரல் புற்றுநோயில் 276 பேரிடம் செய்த சோதனையில் 9.9 மாதம் 13.2 ஆனது. அடுத்த வருடம் அதற்கும் அங்கே அனுமதி.

வீடியோவில் வரும் 'கரைந்தே போயிற்று' என்ற பேச்சுக்குப் பக்கத்தில் இந்த எண்களை வைத்துப் பாருங்கள். எவ்வளவு சின்னதாக இருக்கின்றன! ஆனால் இவை எண்ணப்பட்ட மாதங்கள். இதிலும் சிலருக்குக் குறை உண்டு. மரக்கோல் மாதிரி ஒரு போலிக் கருவியை யாருக்கும் மாட்டவில்லை, யார் எதைப் போட்டிருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும் என்கிறார்கள். நியாயமான குறைதான். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். அமெரிக்காவில் மாதத்துக்குச் சுமார் 21,000 டாலர் என்று விலை வைத்தார்கள். பெரியப்பா வீட்டுப் பக்கம் அது வரப்போவதில்லை.

சரி, முழுசாக உள்ளேயே வைக்கும் கருவி? கனடாவின் ஒன்டாரியோவில் மேத்யூ ஹெப் என்ற நரம்பு அறுவை மருத்துவர் அதைத்தான் முயல்கிறார். பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனை வைக்கிறார்களே, அதே மாதிரி மூளைக் கட்டிக்குள் வைத்து, மார்பில் பேட்டரி புதைத்து, வெளியே தெரியாமல் ஓட வேண்டும் என்பது யோசனை. 2018ல் எலிகளில் செய்த முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தச் சோதனையில் மின்முனை மட்டும் வைத்துக் கரண்ட் கொடுக்காத எலிகளும் இருந்தன. லார்சனின் பேஸ்மேக்கருக்கு அறுபது வருடம் கழித்து வந்தது இது.

நாலு நாள் தேடலில் கடைசியாகக் கிடைத்ததுதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. 1965. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். பார்னெட் ரோசன்பர்க் என்ற இயற்பியல்காரர். அணு பிரிவதை மின்புலம் பாதிக்குமா என்று பார்க்க, பாக்டீரியா வளரும் நீரில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்துக் கரண்ட் விட்டார். பிளாட்டினம் எதனோடும் சேராது, கரையாது என்று நம்பித்தான் அதை எடுத்தார். பாக்டீரியா பிரிவதை நிறுத்திவிட்டு நீளமாக வளர்ந்தது, சாதாரண நீளத்தைப் போல 300 மடங்கு வரை. மின்சாரம் அணுப் பிரிவை நிறுத்துகிறது! வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே புத்தகம் எழுத உட்கார்ந்திருப்பார்.

ரோசன்பர்க் குழு, கரண்ட் விட்டு முடித்த பழைய நீரில் புது பாக்டீரியாவைப் போட்டுப் பார்த்தது. கரண்டே இல்லை, ஆனாலும் நீளமாக வளர்ந்தது. ஆக மின்சாரம் இல்லை, வேறு ஏதோ ஒன்று. தேடியதில் மின்முனையிலிருந்து துளித் துளியாகக் கரைந்த பிளாட்டினம் உப்பு என்று தெரிந்தது. அதை எலிக் கட்டியில் சோதித்து 1969ல் வெளியிட்டார்கள். அதுதான் சிஸ்பிளாட்டின். 1978ல், நோர்டன்ஸ்ட்ரோம் தன் முதல் அறிக்கையை வெளியிட்ட அதே வருடம், அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. விதைப்பைப் புற்றுநோயில் அது செய்த மாற்றம் தனிக் கதை. அதன் தம்பி கார்போபிளாட்டின்.

தீபாவளி முடிந்து பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா மருத்துவமனைக் காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். இருபத்தோரு நாளைக்கு ஒரு தரம் ட்ரிப்ஸில் ஏறும் மருந்துகளில் முதல் பெயர் கார்போபிளாட்டின்.

"என்னடா, அந்த ஸ்வீடன் டாக்டர் நெசமா பொய்யா?" என்றார் பெரியப்பா.

"டாக்டர் நெசம் பெரியப்பா. அவர் வெச்சது கட்டிக்குள்ள ஊசி. இவங்க விக்கிறது மேல கட்டுற பெல்ட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். பிறகு ரோசன்பர்க் கதையைச் சொன்னேன். கையில் ஊசி குத்திய இடத்தில் கறுத்திருந்ததைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ எனக்கு ஏத்துறதும் ஒரு வகையில கரண்டுல வந்ததுதான்ங்குற?"

"ஆமா பெரியப்பா."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். 48,000 ரூபாயை பெரியம்மா மறுபடி வங்கியில் போட்டுவிட்டார்கள். அடுத்த ட்ரிப்ஸ் இந்த மாதம் 19ம் தேதி. நான்தான் கூடப் போகிறேன்.